சந்தைக்குப் போய் வந்த நாளை எண்ணி வையுங்கள்

(ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் நடந்த மஹல்லா குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பெருநாள் நெருங்கிவிட்டது. நம்மில் பலர் செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு விடியுமுன்பே போய் ஆடு பிடித்து வந்துவிட்டார்கள். பல வீடுகளில் கொல்லையில் ஆடு கட்டியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தழை ஒடித்துப் போடுகிறார்கள், ஏரிக்கரைக்கு ஓட்டிப் போய் மேய்க்கிறார்கள். குர்பானியின் சட்டங்களை ஹஜ்ரத் அவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது உடல் நலம் பற்றி.

ஒன்றே ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். ஆடு மாடுகளோடு இருந்துவிட்டு வந்த பிறகு உடம்புக்கு முடியாமல் போனால், மருத்துவரிடம் காய்ச்சலை மட்டும் சொல்லாதீர்கள். ஆட்டைப் பற்றியும் சொல்லுங்கள். எந்த நாளில், எங்கே, எதைத் தொட்டோம், எதைக் குடித்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நம் அறக்கட்டளைக்கு வந்த ஒரு மருத்துவ உதவி மனு அப்படிப்பட்டது. இரண்டு ஆடு வைத்துப் பிழைக்கும் குடும்பம். வீட்டுத் தலைவருக்குக் காய்ச்சல். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். விட்டு விட்டு வந்தது. ஊசி போட்டார்கள். எட்டாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து ரத்தப் பரிசோதனை மேல் பரிசோதனை செய்தார்கள். அங்கே பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர்தான் வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "இவர் என்ன வேலை செய்கிறார், புதர்ப் பக்கம் போவாரா?" என்று கேட்டார். பிறகு உடம்பு முழுக்கப் பார்த்தார். கைலி கட்டும் இடத்தில், இடுப்பு மடிப்பில், ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. அது வலிக்கவில்லை, அரிக்கவில்லை. அதனால் அவருக்கே தெரியவில்லை. உரிய மருந்து கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக் கொண்டார். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் எட்டு நாள் போயிருந்தது. அந்த எட்டு நாளுக்கான கடனை அடைக்கத்தான் மனு நம்மிடம் வந்தது.

ஆகவே, நாள் கணக்கை வைத்தே சொல்கிறேன். நினைவில் வைத்துக் கொள்வது சுலபம்.

முதலில், போய் வந்த அன்றைக்கே முடியாமல் போவது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு. இந்த நாட்களில் இது பெரும்பாலும் வெயிலின் வேலை. நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் தெளிந்துவிடும். ஆனால் உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெயில் வாதம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். அரஃபா நோன்பு வைத்துக் கொண்டு வெயிலில் அலைபவர்கள் கவனியுங்கள். அது நஃபிலான நோன்பு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முறித்துக் கொள்ள மார்க்கம் இடம் தருகிறது.

அடுத்தது, ஒரு வாரம் கழித்து வருவது. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் வரும். பெயரில் எலி இருப்பதால் எலி மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். மாடு, ஆடு, நாய் இவற்றின் சிறுநீரிலும் அந்தக் கிருமி இருக்கக் கூடும். சந்தைச் சேற்றிலோ தொழுவத்து ஈரத்திலோ வெறுங்காலோடு நின்றால், காலில் உள்ள சின்ன வெடிப்பு போதும், உள்ளே போய்விடும். கடுமையான காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட முடியாத வலி இதன் அடையாளங்கள். சிலருக்கு மஞ்சள் காமாலையும் சேர்ந்து வரும். அப்போது நம் ஆட்கள் கீழாநெல்லியைத் தேடிப் போகிறார்கள். காய்ச்சலோடு வரும் காமாலையில், சிறுநீரும் குறைந்தால், சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, பத்து நாள் அளவில் வருவது. மேலே சொன்ன மனுவில் இருந்த நோய் இதுதான். ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள், பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். ஆட்டு உண்ணியால் வருவது அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. ஆடு மேய்க்கும் இடமும் அந்தப் பூச்சி இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பதால்தான் ஆடு மேய்ப்பவர்களுக்கு வருகிறது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அதிகம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு வரும். எல்லோருக்கும் வராது, வந்தாலும் மறைவான இடத்தில் வரும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பின் அடி. இங்கேதான் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கம் நல்ல குணம், ஆனால் அந்த வெட்கத்தால் நோய் மறைந்துவிடக் கூடாது. பெண் மருத்துவரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் வீட்டிலேயே தாயோ சகோதரியோ பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறது" என்று வாயால் சொன்னால் போதும், மருத்துவருக்கு வழி தெரிந்துவிடும்.

இந்த நோய்க்கு அமாக்சிசிலின் போல நமக்குப் பழகிய மாத்திரைகள் வேலை செய்யாது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவையே மருந்து. அதையும் மருத்துவர்தான் தர வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று, நோய் முற்றிய ஏறத்தாழ 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. இரண்டு மருந்தையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட உடல் சிக்கல்கள் குறைகின்றன என்று கண்டார்கள். ஆனால் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நோய் முற்றிய பிறகு வந்தால் அதன் கை கட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே நாம் சீக்கிரம் போவதும் தெளிவாகச் சொல்வதும் மருந்தில் பாதி.

நான்காவது, வாரங்கள் கழித்து, சில நேரம் மாதங்கள் கழித்து வருவது. கால்நடைத் துறையில் கன்று வீச்சு நோய் என்பார்கள், மருத்துவத்தில் புரூசெல்லோசிஸ். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இது வந்தால் குட்டி வீசிவிடும். மனிதருக்கு வந்தால் மாலையில் காய்ச்சல், இரவில் வேர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி. வரும், போகும், மறுபடி வரும். காய்ச்சாத பால் வழியாகவும், குட்டி போட்ட ஆட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதாலும் வருகிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. மத்தியதரைக் கடலில் மால்டா என்ற தீவில் பிரிட்டிஷ் படைவீரர்கள் இந்தக் காய்ச்சலால் அவதிப்பட்டார்கள். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905-இல், 18 ஆண்டுகள் கழித்துத்தான், அதே தீவைச் சேர்ந்த தெமிஸ்டாகிள்ஸ் சாமிட் என்பவர் ஆட்டைப் பரிசோதித்தார். பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்த ஆடுகளிடம் அந்தக் கிருமி இருந்தது. வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுத்த பாலில்தான் நோய் வந்து கொண்டிருந்தது. 1906-இல் படைவீரர்களுக்கு அந்தப் பாலை நிறுத்தினார்கள், நோய் சட்டென்று குறைந்தது. ஆட்டைப் பற்றிக் கேட்க அத்தனை வருடம் ஆனது.

நம் வீடுகளில் இன்றும் குழந்தைக்கு ஆட்டுப்பாலைப் பச்சையாகக் கொடுத்தால் நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். மரியாதையாக எடுத்துச் சொல்லி, பாலைப் பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் ஆட்டுப் பிரசவத்தின் பக்கமே போக வேண்டாம். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்திற்குள் இந்த நோய்க்கான தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. மாடு வைத்திருப்பவர்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

இந்த நான்கிலும் முடியாமல் போன பிறகு மருத்துவரிடம் போகிறோம். ஒன்றில் மட்டும் அதுவரை காத்திருக்கவே கூடாது. அது நாய்க்கடி. சந்தையில் நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். ரேபிஸ் பல வாரங்கள் கழித்துக் கூட வரும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது என்றே சொல்ல வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். உங்கள் ஆட்டை வெறிநாய் கடித்திருந்தால் அதை அறுக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெருநாள் அன்று செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். அறுக்கவும் உரிக்கவும் நிற்பவர்கள் செருப்போ பூட்ஸோ போடுங்கள். கையில் காயம் இருந்தால் உறை மாட்டுங்கள், அல்லது அந்த வேலையை வேறு ஒருவரிடம் விடுங்கள். ரத்தத்தையும் கழிவையும் குழி தோண்டிப் புதையுங்கள், தெருநாய்க்குப் போடாதீர்கள். புதர்ப் பக்கம் மேய்த்துவிட்டு வந்த பிள்ளைகளை அன்றே குளிக்க வைத்து, உடுப்பை மாற்றி, வெந்நீரில் துவையுங்கள். திடீரென்று செத்துப் போன ஆட்டை யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். தானாகச் செத்தது நமக்கு ஹராம் என்பது ஒரு பக்கம். அடைப்பான் நோயால் செத்த ஆட்டை உரித்தவருக்கே அந்த நோய் வந்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

இதையெல்லாம் கேட்டு ஆட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். நபிமார்கள் ஆடு மேய்த்தவர்கள். நம் ஊரில் எத்தனையோ விதவைத் தாய்மார்களுக்கு இரண்டு ஆடுதான் சேமிப்பு. நோய்க்கு மருந்து உண்டு என்பது நம் நம்பிக்கை, அதைத் தேடிப் போவது நம் கடமை.

நம்மிடம் வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் மருந்துக் கடை வாசலில் நிற்காமல் அங்கே போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பத்துக்கு உதவுகிறோம்.

இந்த வருடம் குர்பானி இறைச்சிப் பையோடு ஒரு சிறிய அட்டையும் வீட்டுக்கு வீடு வரும். அதில் நான்கு வரி இருக்கும்: எந்த நாள் போனேன், எங்கே போனேன், எதைத் தொட்டேன் அல்லது குடித்தேன், காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். காய்ச்சல் என்று போகும்போது அதை மருத்துவர் கையில் கொடுங்கள். இளைஞர் அணியில் பத்துப் பேர் விநியோகத்துக்கு வேண்டும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் மக்ரிபுக்கு முன் என்னைப் பாருங்கள்.

அல்லாஹ் நம் குர்பானியை ஏற்றுக் கொள்வானாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.