ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்க வீட்டுல இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இருக்கா? இருந்தா இன்னைக்கு ராத்திரி ஒரு சின்ன வேலை செய்யுங்க. மழைக்காலத்துல உங்க ஃபோனுக்குப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துல இருந்து தமிழ்ல எச்சரிக்கைச் செய்தி வருமில்லையா? அதுல ஒண்ணைத் திறந்து பிள்ளை கையில கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க. வாசிச்சு முடிச்சதும் ஃபோனை வாங்கிக்கிட்டு மூணு கேள்வி கேளுங்க. எந்த மாவட்டத்துக்கு மழைன்னு போட்டிருக்கு? எவ்வளவு நேரத்துக்கு? நாம என்ன செய்யணும்?

இதை நான் என் அக்கா மகள்கிட்ட செஞ்சு பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு, நல்லா படிக்கிற பிள்ளைன்னு பேர் வாங்கினவள். ழகரம், றகரம் பிசகாம கடகடன்னு வாசிச்சாள். கேள்வி கேட்டதும் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "திரும்பவும் வாசிக்கவா சித்தி?"ன்னு கேட்டாள். அவளைப் பொறுத்தவரை வாசிக்கிறதுன்னா சத்தம் போட்டு ஒப்பிக்கிறது. அதுல ஒரு சேதி இருக்கு, அதை நாம எடுத்துக்கணும்ங்கிறது அவளுக்குத் தோணவே இல்லை. குறை அவள் மேல இல்லை. அப்படி ஒரு கேள்வியை நாங்க யாருமே அவள்கிட்ட அதுவரைக்கும் கேட்டதில்லை.

ஐந்தாம் வகுப்பில் கற்க வேண்டியவற்றில் முதன்மையானது எதுன்னு என்னைக் கேட்டா, இதைத்தான் சொல்வேன். முன்பின் பார்க்காத அரைப் பக்கத்தை வாய்விடாமல் வாசித்து, அதில் என்ன இருக்குன்னு சொந்த வார்த்தையில் சொல்வது. முதல் மூணு வகுப்பில் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. ஐந்தாம் வகுப்பில் வாசித்துக் கற்றுக்கொள்கிறது. இந்தத் திருப்பம் நடக்கலேன்னா, ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகமும் சமூக அறிவியல் புத்தகமும் அந்தப் பிள்ளைக்கு வெறும் எழுத்துதான்.

சரி, பாடம் என்னென்ன? தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல்னு ஐந்து. வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்துப் புத்தகம் தருகிறார்கள். அறிவியலில் உடம்பின் உறுப்பு மண்டலங்கள் வருது. இதயம் எப்படி ரத்தத்தைத் தள்ளுது, நுரையீரல் என்ன செய்யுதுன்னு பிள்ளை உங்களுக்கே விளக்கும், கேட்டுப் பாருங்க. சமூக அறிவியலில் பூமி, வளிமண்டலம், கோட்டைகள், நல்ல குடிமகன்னா யார் என்பதெல்லாம் உண்டு. இவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. வாசித்துப் புரிந்துகொள்கிற பிள்ளை இவற்றைத் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

கணக்கு அப்படி இல்லை. அதுல ஓர் இடத்தில் நிறைய பிள்ளைகள் வழுக்கி விழுறாங்க. அதுதான் பின்னம். அரையையும் காலையும் கூட்டச் சொன்னா, மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் நாலும் ஆறுன்னு கூட்டி, ஆறில் ரெண்டுன்னு எழுதிடுவாங்க. எட்டில் ஒரு பங்கு பெருசா, நாலில் ஒரு பங்கு பெருசான்னு கேட்டா, எட்டுதானே பெருசுன்னு சொல்லுவாங்க. அதே பிள்ளைகிட்ட, "அரை லிட்டர் பால் பாக்கெட் ஒண்ணும் கால் லிட்டர் பாக்கெட் ஒண்ணும் வாங்கினா மொத்தம் எவ்வளவு?"ன்னு கேளுங்க. "முக்கால் லிட்டர்"னு உடனே வரும். கடையில தெரியிற கணக்கு நோட்டுல தெரியலை, அவ்வளவுதான். ரெண்டையும் சேர்த்து வைக்கிறதை நாம வீட்டிலேயே செய்யலாம். ஒரு தோசையை நாலாக மடித்துக் காட்டுங்க. அதையே எட்டாக மடித்துக் காட்டுங்க. எந்தத் துண்டு பெருசுன்னு தட்டிலேயே தெரிஞ்சிடும்.

பாட்டி இருக்கிற வீடுன்னா இன்னும் சுலபம். கால், அரை, முக்காலோட நிறுத்தாம அரைக்கால், மாகாணின்னு சொல்லுவாங்க. அரைக்கால்னா எட்டில் ஒரு பங்கு, மாகாணின்னா பதினாறில் ஒரு பங்கு. காலில் பாதி அரைக்கால், அதில் பாதி மாகாணி. கீழே உள்ள எண் பெருகப் பெருக பங்கு சுருங்குவது அந்தப் பேச்சிலேயே இருக்கு. பரப்பளவு, சுற்றளவு பாடத்துக்கும் இதே வழிதான். தரையில் ஓடு போட எவ்வளவு வேணும், வேலி கட்ட எத்தனை மீட்டர் கம்பி வேணும்னு கேட்டா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் குழம்பாது.

அடுத்து, வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் ஒரு சந்தேகம். ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு உண்டா? கிடையாது. 2019-இல் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது உண்மை. 2020 பிப்ரவரியில் அது ரத்து செய்யப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. பத்து வயசுப் பிள்ளையை "நீ ஃபெயில்"னு வீட்டுக்கு அனுப்பினா, பல பிள்ளைகள் அதோடு பள்ளிக்கூடத்தையே விட்டுடும். அதனால இது நல்ல முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனா ஒன்றை மறைக்காமல் சொல்லணும். எல்லாருக்கும் தேர்ச்சி என்பதால், பிள்ளைக்கு வாசிக்க வரலைன்னு சொல்ல ஒரு மதிப்பெண் பட்டியல் வராது. நாமதான் பார்த்துக்கணும். வகுப்பாசிரியரைப் பார்க்கும்போது "எத்தனை மார்க்கு?"ன்னு கேட்காதீங்க. "என் பிள்ளை தானா வாசிச்சுப் புரிஞ்சுக்கிறானா? எதுல பின்தங்கியிருக்கிறான்?"னு கேளுங்க. 1 முதல் 3 வகுப்புகளுக்கு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், 2023-24 முதல் 4, 5 வகுப்புகளுக்கும் நடக்கிறது. பிள்ளை எந்த நிலையில் இருக்குன்னு ஆசிரியருக்குத் தெரியும். கேட்டா சொல்லுவாங்க.

பின்தங்கியிருந்தா பயப்பட வேண்டாம். தினமும் இருபது நிமிஷம் ஒதுக்குங்க. உங்க ஃபோன் அதுக்கு உதவும். பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். புத்தகம் கிழிந்துபோயிருந்தாலும் கவலை இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகங்களும் இலவசமாக இருக்கின்றன. மூன்றாம், நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இறக்கி அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பிள்ளை கூச்சப்பட்டா, தம்பி தங்கச்சிக்குக் கதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. கூச்சம் போயிடும். காணொளியை மட்டும் ஓடவிட்டுட்டு நீங்க சமையலறைக்குப் போயிடாதீங்க. பத்து நிமிஷத்தில் அது கார்ட்டூனாக மாறியிருக்கும்!

இனி ஆறாம் வகுப்பு. தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பள்ளியே மாறும். ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுத்த வழக்கம் மாறி, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பில் மதிய உணவு உண்டு, காலை உணவு கிடையாது. பள்ளியும் தூரமாகிவிட்டால் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பும் பிள்ளைகள் உண்டு. இதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்க.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரி செல்லும்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எல்லாவற்றிலும், 6 முதல் 12 வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். "ஒரு ரெண்டு வருஷம் வேற பள்ளியில போட்டுட்டு அப்புறம் அரசுப் பள்ளிக்கு மாத்திக்கலாம்"னு நினைக்கிறவங்க, விதிகளைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க.

மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில் அதை மடித்துப் பையில் வைக்கும் முன்னாடி, அங்கேயே நின்று ஒரு தடவை வாசிங்க. பெயரின் எழுத்துகள், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ளபடியே இருக்கணும். இந்தப் பதிவுதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரைக்கும் கூடவே போகும். ஓர் எழுத்து தப்பா இருந்தாலும் தலைமையாசிரியர்கிட்ட உடனே சொல்லிடுங்க. முடிஞ்சா பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்க. அதன் பெயர் சரியா இருக்கான்னு அதுவே பார்க்கட்டும்.