நடுங்கிய கை

டாக்டரை உருவாக்குவது புத்தகமே என்று எதிரணி நண்பர் அடித்துச் சொன்னார். அப்புறம் எதுக்கய்யா ஹவுஸ் சர்ஜனை ஓராண்டு வார்டு வார்டாகச் சுற்ற விடுகிறார்கள்? 2021 விதிப்படி பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவில் மட்டும் 6 வாரம்!

என் உள்ளங்கை கிழிந்தபோது தையல் போட வந்தது ஒரு சின்னப் பெண். கை நடுங்குது. "முதல் தையலாம்மா?" என்றேன். "ஆமா சார். உங்களுக்கு?" என்றாள்! (சிரிப்பு)

பின்னால் நின்ற பெரிய டாக்டர் ஊசியைப் பிடுங்கவில்லை. "அவசரமில்லேம்மா, நிதானமாப் போடு" என்றார். மூன்றாவது தையலில் நடுக்கம் நின்றது.

மருந்துக்கு நான்கு கூறு சொன்ன வள்ளுவர், நோயாளியை ஏன் முதலில் வைத்தார்? அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நம்பிக் கையை நீட்டுகிறானே நோயாளி, அவனும் ஓர் ஆசிரியன் ஐயா! (கைதட்டல்)