விரல் போல் முளைக்கும் காளான்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

பரிசு நாளில் காளானைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். மழை விட்ட மறுநாள் புற்றுக்காளான் தேடிப் போகாத தோட்டத்து வீடு உண்டா? அது குடை மாதிரி இருக்கும். ஆனால் குடையே இல்லாமல், பீமனுடைய கதாயுதத்தைச் சுண்டுவிரல் அளவாக்கி நட்டு வைத்தது போல ஒன்று முளைக்குமே, அதற்கு என்ன பெயர்? அதையும் நாய்க்குடை என்றே சொல்லித் தாண்டிப் போகிறோம்!

சிங்கப்பூர் போனால் நாம் சிராங்கூன் சாலை, தேக்கா மார்க்கெட், வீரமாகாளியம்மன் கோயில் பார்த்துத் திரும்பிவிடுகிறோம். அதே ஊரில், நம்மவர் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்காவில் 1929 முதல் பணியாற்றியவர் கார்னர் என்ற ஆங்கிலேயர். உயர்ந்த மரக்கிளைகளைப் பறித்துப் போட, தேங்காய் பறிக்கிற பெரோக் குரங்குகளைப் பழக்கியவர். காளானுக்கு அவரேதான் குனிய வேண்டியிருந்தது! இந்தக் கதாயுதக் காளான்களைப் பற்றியே 700 பக்கங்களுக்கு மேல் ஒரு நூலை 1950இல் வெளியிட்டார்.

இதை அடையாளம் காண, மேலே மட்டும் பார்த்தால் போதாது தம்பி, அடியைப் பார்க்க வேண்டும். மண்ணிலோ மக்கிய இலையிலோ நின்று, மெத்தென்று, தொட்டால் ஒடிந்தால் அது கிளாவரியா இனமாக இருக்கலாம். பட்ட மரத்தில் கறுப்பாக, கட்டையாக நின்றால் சைலேரியா. கீறினால் உள்ளே வெள்ளை. தோலுக்கடியில் கடுகை விடச் சிறிய குழிகள். மண்ணை மெல்லத் தோண்டும்போது அடியில் செத்த பூச்சி இருந்தால் அது கார்டிசெப்ஸ் வகை. அதன் திபெத்திய உறவைத்தான் சீன மருந்துக் கடையில் அதிக விலைக்கு விற்கிறார்கள்.

அப்படியும் சந்தேகமா? நுண்ணோக்கி சொல்லிவிடும். கிளாவரியாவில் வித்துகள் பெரும்பாலும் நான்கு நான்காகக் காம்பு நுனியில் இருக்கும். சைலேரியாவில் எட்டு எட்டாகப் பைக்குள் இருக்கும்.

தாய்மார்களே, வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் விஷமில்லை என்கிறார்களே, அதை நம்பாதீர்கள். கொதிக்க வைத்தாலும் போகாத காளான் விஷம் உண்டு. யாராவது தின்று வாந்தி எடுத்தால், மிச்சக் காளானைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாணவர்களே, சிங்கப்பூரின் புக்கித் தீமா காட்டுக்குப் போனால் எதையும் பறிக்கக் கூடாது. அது அங்கே சட்டம். பென்சிலும் தாளும் கொண்டு போங்கள்.