ஓத வரும் பிள்ளையின் காலைச் சாப்பாடு
(மதரஸா பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற மாதம் நம் மதரஸாவின் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம், காலையில் என்ன சாப்பிட்டு வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டோம். "டீ குடிச்சேன்" என்ற பதில்தான் அதிகம். சிலருக்கு டீயோடு ரஸ்க். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிய பிள்ளைகளும் உண்டு.

கணக்குப் பாருங்கள். இரவு எட்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை காலை ஆறரைக்கு ஓத வருகிறது. எட்டு மணிக்கு விட்டதும் வீட்டுக்கு ஓடி, யூனிஃபார்ம் மாற்றி, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஒரு இட்லி இறங்கினால் உண்டு. இறங்காவிட்டால் மதியம் பன்னிரண்டரை வரை, ஆக 16 மணி நேரம். நம் ஊரில் ரமலான் நோன்பே 13, 14 மணி நேரம்தான்! பிறகு அந்தப் பிள்ளை குர்ஆன் முன்னால் தூங்கி விழுந்தால் சோம்பேறி என்கிறோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஓரளவு வழி பிறந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. ஆனால் அது 1 முதல் 5 வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளை நம் பொறுப்பு. உடம்பு வளரும் வயதும் அதுதான்.

"காலையில் இறங்க மாட்டேங்குது" என்று தாய்மார்கள் சொல்கிறீர்கள். உண்மைதான். ஆனால் ரமலானில் நாலு மணிக்கு எழுப்பி, மடியில் சாய்த்து, அதே பிள்ளைக்குச் சஹர் ஊட்டுவது யார்? சஹரில் பரக்கத் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியதை நாம் விடுவதே இல்லை. அந்த அக்கறையில் பாதி மற்ற பதினோரு மாதமும் இருந்தால் போதும்.

நிறையக் கொடுக்க வேண்டாம். மெல்ல முடியாத பிள்ளைக்குக் கஞ்சி கொடுங்கள். நோன்புக் கஞ்சி ரமலானுக்கு மட்டும் என்று யார் சொன்னது? வெந்தயம், பூண்டு, ஒரு பிடி சிறுபயறு போட்டு இரவே காய்ச்சி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் சுட வைக்கும் வேலைதான். அவித்த முட்டை, ஏத்தம்பழம், தயிர் ஊற்றிய பழைய சோறு, எல்லாம் நல்லதே. இரவு வெகுநேரம் பீடி சுற்றிவிட்டுப் படுக்கும் தாய்மாரிடம் காலையில் ஆப்பம் சுடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அடுப்பு பற்ற வைக்காத சாப்பாடும் சாப்பாடுதான். வாப்பாமார்களும் ஒரு முட்டை அவிக்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, அதிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. டீ வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். வயதுக்கு வந்ததும் உளுந்தங்களியும் கருப்பட்டியும் ஊட்டுகிறோம். அந்தச் சில நாள் கவனிப்பு பிறகு எங்கே போகிறது? மெலிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விடும் பிள்ளைகளையும் கவனியுங்கள்.

விடுமுறை நாளில் சிலம்பம், ஃபுட்பால் என்று விடியற்காலையில் போகும் பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டு ஓட முடியாது. கிளம்பும் முன் ஒரு பழம், ஒரு டம்ளர் தண்ணீர். திரும்பியதும் முழுச் சாப்பாடு.

ஹஜ்ரத் அவர்களிடம் பேசியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் மதரஸா 7.45க்கே விடும். அந்தக் கால் மணி நேரம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவித்த பயறோ கடலையோ இங்கேயே தருவோம். பிள்ளையிடம் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். உதவ விரும்புவோர் பணமாக அல்லாமல் பயறாகவே அலுவலகத்தில் கொடுக்கலாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் இன்றைக்கே பெயர் சொல்லிவிட்டுப் போங்கள்.