சுவான்ஜோவில் நம்மவர் விட்டுவந்த கல்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய நம் குடியிருப்புப் பெண் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தலைவர் ஐயா, "சீனாவில் படித்த அனுபவத்தைக் கொஞ்சம் பேசம்மா" என்று கேட்டார். ஆறு வருஷத்தை இருபது நிமிஷத்தில் சொல்ல முடியாது. கட்டணம், பரீட்சை, இங்கே வந்து எழுத வேண்டிய தகுதித் தேர்வு பற்றியெல்லாம் கேட்க நினைக்கும் பெற்றோர்கள் வீட்டுக்கே வாருங்கள், விவரமாகச் சொல்கிறேன். இன்று நண்பர்களோடு போன மூன்று நாள் சுற்றுலாவைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். "படிக்கப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா?" என்று அப்போது கேட்ட அத்தை, சித்தப்பாக்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கான பதிலும் இதில் இருக்கிறது.

நான் 2018-இல் சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஃபுஜியான் மாகாணத்தின் தலைநகர் ஃபுஜோவில் சேர்ந்தேன். சீனாவில் அக்டோபர் முதல் தேதி தேசிய தினம். அதை ஒட்டி ஒரு வாரம் விடுமுறை விடுவார்கள். 2019 அக்டோபரில் அந்த விடுமுறையில் ஐந்து பேர் கிளம்பினோம். நான், மதுரைப் பையன் ஒருவர், கோட்டயத்துப் பெண் ஒருத்தி, யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், எங்களுக்குச் சீன மொழி சொல்லிக்கொடுத்த சீனத் தோழி. மற்ற மாணவர்கள் பெய்ஜிங், ஷாங்காய் என்று போனார்கள். நாங்கள் போனது சுவான்ஜோ. விமானம் இறங்குகிற குவாங்ஜோ வேறு, இந்தச் சுவான்ஜோ வேறு. யாழ்ப்பாணத்து அக்காதான் "அங்கே தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர், போயே ஆகவேண்டும்" என்று பிடிவாதமாக நின்றார். சீனத் தோழிக்கு அது சொந்த ஊர். அதனால் வழிகாட்டிச் செலவும் மிச்சம்.

ஃபுஜோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அப்போது நம் தேனிக்கு ரயிலே கிடையாது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்திய வண்டி 2022 மே மாதம்தான் திரும்ப வந்தது. அதனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலையையும் கடலையும் பார்த்துக்கொண்டு போனதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

காலையில் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவது நம் சேமியாவை விட மெல்லிய நூலைக் கஞ்சியாகக் காய்ச்சியது. சைவம் சாப்பிடுகிற கோட்டயத்துப் பெண்ணுக்கு, மீன், கறி சேர்க்காமல் செய்துதரும்படி தோழி கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். பிறகு தேநீர். சுவான்ஜோவைச் சேர்ந்த ஆன்ஷி மலைப்பகுதிதான் அங்கே பேர்பெற்ற தேயிலை நாடு. நமக்கு மேகமலை மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பால், சர்க்கரை கிடையாது. சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கடற்கரையில் சுன்பு என்று ஒரு மீனவர் குப்பம். அங்கே பாட்டிமார் முதல் சின்னப்பிள்ளைகள் வரை கொண்டை போட்டு, கொண்டையைச் சுற்றிப் பூ வைத்துக்கொள்கிறார்கள். சீனாவில் வேறெங்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்ததும் ஒரு பாட்டி, "உங்கள் ஊரிலும் பூ வைப்பீர்களாமே" என்று கேட்டு எனக்கும் ஒரு சரம் சுற்றிவிட்டார். வீட்டுச் சுவர்களில் செங்கல்லுக்குப் பதிலாகப் பெரிய பெரிய சிப்பி ஓடுகளை அடுக்கியிருந்தார்கள். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த சிப்பிகள் அவை என்று அந்த ஊரில் சொல்கிறார்கள்.

கப்பல் என்றதும் அந்த ஊரின் பழைய கதைக்கு வருகிறேன். ஏறத்தாழ 1000 முதல் 1400 வரை உலகத்தின் பெரிய துறைமுகங்களில் சுவான்ஜோவும் ஒன்று. அரபு வணிகர்கள் அதைச் சைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோவும் அந்தப் பேரில்தான் எழுதியிருக்கிறார். அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் சைத்தூனுக்கு நூறு கப்பல் மிளகு வருகிறது என்பது அவர் கணக்கு. மிளகு எங்கிருந்து போயிருக்கும்? பெரும்பங்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்தும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலிருந்தும்தான். கம்பத்திலும் போடியிலும் மிளகு, ஏலக்காய் மூட்டை நடுவே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

மிளகோடு ஆட்களும் போனார்கள். அங்கே 1956-இல் கண்டெடுத்த தமிழ்க் கல்வெட்டுக்குச் சக ஆண்டு 1203, சித்திரை மாதம். ஆங்கிலக் கணக்கில் 1281 ஏப்ரல். தவச்சக்கரவர்த்திகள் என்கிற சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கான் என்ற பேரரசரின் உடல்நலம் வேண்டி, அவருடைய பர்மானின்படி திருக்கதலீசுவரம் உடையார் என்ற பேரில் சிவனை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. அந்தக் கான், மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். கல்லின் கடைசி வரி சீன எழுத்து. அந்த வருஷம் மதுரையில் ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். நம் கம்பம் பள்ளத்தாக்கும் பாண்டிய நாடுதான்.

அந்தக் கோயில் இன்று இல்லை. 1350களிலும் 1360களிலும் ஏறத்தாழப் பத்து வருஷம் அந்த ஊரில் பெரிய கலகம் நடந்தது. வெளிநாட்டு வணிகம் நொடித்தது. தமிழர்கள் போன இடம் தெரியாமல் போனார்கள்.

ஆனால் கற்கள் இருக்கின்றன. அவை இருக்கிற இடம்தான் நான் சொல்லவந்த விஷயம்.

சுவான்ஜோவில் கைய்யுவான் என்ற புத்தர் கோயில் இருக்கிறது. 686-இல் தொடங்கியது. கோயிலின் இரு பக்கமும் கல்லாலான உயரமான இரண்டு கோபுரங்கள். நடுவில் உள்ள பெரிய சந்நிதிக்கு நூறுகால் மண்டபம் என்றே பேர். மதுரையில் ஆயிரங்கால் மண்டபம் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள், அதனால் எண்ணிக்கையைக் கேட்டு அசரவில்லை. சந்நிதிக்குப் பின்பக்கம் போனபோதுதான் நின்றுவிட்டோம். அங்கே பதினாறு பட்டை தீட்டிய இரண்டு கல்தூண்கள். வட்டவட்டமான சிற்பங்கள். ஒன்றில் நரசிம்மர், மடியில் இரணியன். இன்னொன்றில் கண்ணன் கோபியர் சேலைகளோடு மரத்தில். வேறொன்றில் கஜேந்திர மோட்சம். முகங்களில் கொஞ்சம் சீனச் சாயல். கதை முழுக்க நம்முடையது.

சீனத் தோழி அந்த ஊரில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்து நூறு தடவை அந்தத் தூணைச் சுற்றி ஓடி விளையாடியிருக்கிறாள். "சிங்க மனிதர்" என்று மட்டும் தெரியும். "இவர் ஏன் அந்த ஆளை மடியில் வைத்திருக்கிறார்?" என்று கேட்டாள். மதுரைப் பையன் பகல், இரவு இல்லாத அந்தி நேரம், வீட்டுக்கு உள்ளே, வெளியே இல்லாத வாசற்படி என்று வரத்திலிருந்து ஆரம்பித்துக் கதை சொன்னார். "அவர் வந்ததே ஒரு தூணுக்குள்ளிருந்துதான்" என்று முடித்ததும் அவள் தூணைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயே நின்று அவள் அப்பாவுக்குப் போன் போட்டு முழுக்கதையையும் சீனத்தில் சொன்னாள். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இடிந்துபோன நம் கோயிலின் தூண்களை, பிற்பாடு மிங் அரசர் காலத்தில் புத்தர் கோயிலைப் புதுப்பித்தவர்கள் எடுத்துவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மண்டபத்தின் அடித்தளத்திலும் அப்படி எடுத்துவைத்த சிங்க உருவக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. 1959-இல் தொடங்கிய கடல்சார் அருங்காட்சியகத்தில், யானை லிங்கத்துக்குப் பூச்சொரிகிற சிற்பம் இருக்கிறது. திருவானைக்காவல் போனவர்களுக்குக் கதை நினைவு வரும். அதே கட்டடத்தில் முஸ்லிம்களின் கல்லறைக் கற்கள், கிறித்தவர்களின் சிலுவைக் கற்கள். 1009-இல் கட்டிய பள்ளிவாசலும் ஊருக்குள் நிற்கிறது. நகரை ஒட்டிய செடியான் என்ற கிராமத்தில், நம் பக்கத்து அம்மன் சிலை ஒன்றைத் தங்கள் கருணைத் தெய்வமான குவான்யின் என்று நினைத்து இன்றும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

யாருடைய சாமி என்று தெரியாது. விட்டுப்போனவர்கள் திரும்பி வரப்போவதும் இல்லை. இருந்தாலும் எறியவில்லை, உடைத்துச் சாலைக்குப் போடவில்லை. இதன் அருமை எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் முழுசாகப் புரிந்தது.

2020 ஜனவரியில் குளிர்கால விடுமுறைக்கு ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்தேன். கொரோனா வந்தது. சீனா கதவை மூடியது. 2022 ஆகஸ்டில்தான் மாணவர்களுக்கு மறுபடி விசா கொடுக்க ஆரம்பித்தார்கள். அதுவரை நம் தெருவில் மொட்டைமாடியில் உட்கார்ந்து செல்போனில் பாடம் கேட்டதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அங்கே விடுதி அறையில் என் புத்தகங்கள், குறிப்பேடுகள், அம்மா கொடுத்தனுப்பிய குக்கர், ஒரு சின்ன முருகன் படம் எல்லாம் அப்படியே கிடந்தன. போனது போனதுதான் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்.

நவம்பரில் திரும்பிப் போனேன். விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாவை அங்கே "ஆயி" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் சித்தி மாதிரி. நமக்கு அது அம்மா. அந்த ஆயி என் பேரைச் சீனத்தில் எழுதி ஒட்டிய மூன்று அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். அறையை வேறு ஆளுக்குக் கொடுத்தபோது எங்கள் பொருள்களைக் கட்டி எடுத்துவைத்திருக்கிறார். முருகன் படத்தை மட்டும் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தார். "உங்கள் சாமி என்று நினைத்தேன், காலடியில் வைக்க மனசு வரவில்லை" என்றார். அவருக்கு நான் யார்? அந்தத் தூண் அவர்களுக்கு யார்?

நான் வீட்டில் அடைந்து கிடந்த 2021-இல் ஒரு செய்தியும் வந்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு அந்த வருஷம் ஃபுஜோவில், இணையவழியாகக் கூடியது. ஜூலை 25 அன்று சுவான்ஜோவின் பழைய துறைமுகச் சின்னங்களைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே நாளில்தான் நம் நாட்டின் ராமப்பா கோயிலும் சேர்ந்தது. விட்டுப்போனவர்களின் கற்களைக் காப்பாற்றி வைத்ததும் சேர்ந்துதான் அந்த ஊருக்கு இந்தப் பெருமை கிடைத்தது.

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். பாண்டியர் வரலாற்றுக்கே முக்கிய ஆதாரமான செப்பேடுகள் கிடைத்தது சின்னமனூரில். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் இருப்பது தமிழி எழுத்து. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் வட்டெழுத்து. சமணர்கள் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று. கருப்பணசாமியைக் கும்பிடுகிறவர்கள் அந்தச் சிற்பங்களை உடைக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். நம்மிடமும் சுவான்ஜோ இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறார்கள்? வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கப் போட்டிருக்கிற பழைய கல்லில் எழுத்து இருக்கிறதா என்று யாராவது திருப்பிப் பார்த்திருக்கிறோமா?

பெற்றோர்களுக்கு ஒன்று. வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை விடுமுறையில் நாலு இடம் பார்க்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். எங்களுக்கு மூன்று நாளில் ஆளுக்கு 500 யுவானுக்குள் முடிந்தது, அன்றைக்கு ஐயாயிரம் ரூபாய். நாலைந்து பேராகப் போகச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கவேண்டும், ரயில் டிக்கெட்டே அந்த எண்ணில்தான். வெளிநாட்டவரைத் தங்கவைக்கிற விடுதிதானா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊர் நண்பர் ஒருவர் கூட இருந்தால் பாதிக் கவலை இல்லை. தேசிய தின வாரத்தில் கூட்டம் அதிகம், டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்கவேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த காலாண்டுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, நம் குடியிருப்புப் பிள்ளைகளை உத்தமபாளையம் பாறைக்கும் சின்னமனூர்க் கோயிலுக்கும் கூட்டிப்போவோம். ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுப் பங்குக்குப் புளியோதரை அம்மா செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் கொடுங்கள்.