கேள்விக்கு இடம் எங்கே?

(பட்டிமன்றத் தலைப்பு: "அறிவை மக்களிடம் கொண்டு சேர்ப்பது பொதுமேடைச் சொற்பொழிவா? கூடிப் பேசும் கருத்தரங்கமா?" 'கருத்தரங்கமே' என்ற அணியில் பேசியது. இடம்: திருநெல்வேலி)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் அருமை நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் நெல்லைப் பெருமக்களே! வீட்டுக் கூடத்தில் அமர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டு, விளம்பரம் வரும்போது மட்டும் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிற தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி என்னைப் பார்த்து ஒரு போடு போட்டார்கள். "மேடையில் பேசியே பேர் வாங்கின பேராசிரியர், மேடையை விடக் கருத்தரங்கம் பெரிசுன்னு மேடையிலேயே வந்து சொல்றாரே, இது நியாயமா?" நியாயம்தாம்மா! அல்வாக் கடைக்காரருக்குத்தானே தெரியும், அல்வாவை மட்டும் தின்னு வயித்த நிரப்ப முடியாதுன்னு! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் 1908-ஐ எடுத்துச் சொன்னார். அருமையாகச் சொன்னார். அந்த ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையான நாள். அதைக் கொண்டாட இதே திருநெல்வேலியில், தாமிரபரணிக் கரையில், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். 12-ஆம் நாள் கைதானார்கள். 13-ஆம் நாள் இந்த ஊர் கொதித்து எழுந்தது. துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின. "ஒரு மேடைப் பேச்சுக்கு இவ்வளவு பலம் உண்டா இல்லையா?" என்று கேட்டார்.

உண்டு ஐயா. கையெடுத்துக் கும்பிடுகிறேன். அடிமைப்பட்ட ஒரு ஜனத்துக்கு ரோஷத்தை ஊட்ட மேடை வேண்டும். அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் இன்றைய தலைப்பு ரோஷத்தைப் பற்றியதா? அறிவைப் பற்றியது! ரோஷம் ஒரே ராத்திரியில் வரும். அறிவு அப்படி வருமா? வந்த அறிவு தங்க வேண்டாமா?

நடுவர் அவர்களே, நம் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது தாமிரபரணி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஊரில் வெள்ளம் வந்ததே, யாராவது மறந்திருப்போமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! ஊரே திரண்டு நின்று பார்த்த வெள்ளம் அது. அந்தத் தண்ணீர் எங்கே போனது? கடலுக்குப் போனது.

ஆனால் சேரன்மகாதேவியில் நெல் விளைவது எதனால்? கன்னடியன் கால் இருப்பதால்! எட்டு அணைக்கட்டு கட்டி, கால் வெட்டி, மடை வைத்து, வயல் வயலாகத் தண்ணீரைப் பிரித்துக் கொடுத்தார்களே, அதனால்! வெள்ளத்தைப் பார்க்கக் கூட்டம் கூடும். மடையைப் பார்க்க யார் கூடுவார்? மண்வெட்டியோடு நாலு பேர் நிற்பார்கள். ஆனால் பயிர் விளைவது அந்த நாலு பேரால்தான். (கைதட்டல்) பெரிய சொற்பொழிவு வெள்ளம் ஐயா. கருத்தரங்கம் மடை.

அடுத்து, எதிரணியினர் திருக்குறளுக்குப் போனார்கள். "வள்ளுவர் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வைத்தார். கேட்பதால் வருவதே அறிவு. கேட்பதற்கு மேடைதானே வேண்டும்?" என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். 42-ஆம் அதிகாரம். அங்கே 'கேள்வி' என்றால் காதால் கேட்டறிவது. ஆனால் இன்றைக்குப் பத்து வயசுப் பையனிடம் 'கேள்வி' என்றால் என்ன என்று கேளுங்கள். "சார், கொஸ்டின்" என்பான். கேட்டு அறிவதும் கேள்வி, கேட்டு மடக்குவதும் கேள்வி! தமிழன் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறான். சொல்வதைக் கேட்டவனுக்குத் திருப்பிக் கேட்கவும் உரிமை உண்டு என்பதுதான் அதன் பொருள் என்று நான் சொல்வேன். மேடை முதல் கேள்வியை மட்டும் தருகிறது. கருத்தரங்கம் இரண்டையும் தருகிறது. 42-ஆம் அதிகாரத்துக்கு அடுத்தது என்ன? 43, அறிவுடைமை! கேள்வி முழுமையானால்தான் அந்த அதிகாரத்துக்குள் நுழைய முடியும். (கைதட்டல்)

சரி, "இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், எங்கே நடந்தது?" என்று நடுவர் புருவத்தை உயர்த்துகிறார். எங்கேயோ போக வேண்டாம் ஐயா. இந்த அரங்கத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் வண்ணார்பேட்டை. அங்கேதான் ரசிகமணி டி.கே.சி.யின் வீடு இருந்தது. அந்த வீட்டில் வட்டமாக அமைந்த ஒரு தொட்டிக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நண்பர்கள் வந்து சுற்றி உட்காருவார்கள். கம்பன் வருவான், கவிதை வரும், விவாதம் வரும். அதற்குப் பேரே 'வட்டத்தொட்டி'. கவனியுங்கள், மேடை இல்லை. வட்டத்துக்குத் தலைப்பு ஏது, கடைசி ஏது? வக்கீலும் வாலிபனும் ஒரே தரையில் உட்கார்ந்தார்கள்.

அந்த வட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள் என்ன ஆனார்கள்? எஸ்.மகராஜன் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் அரசாங்க அதிகாரி ஆனார். கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளையெல்லாம் சேர்த்துத் தஞ்சாவூரில் 1951-இல் கலைக்கூடம் அமையப் பாடுபட்டார். கவிதையைச் சுவைக்கக் கற்ற கண்ணுக்குத்தான் வாய்க்கால் ஓரம் கிடந்த கல்லும் சிலையாகத் தெரிந்தது. பத்தாயிரம் பேருக்கு முன்னால் பேசவில்லை டி.கே.சி. பத்துப் பேரோடு பேசினார். அந்தப் பத்துப் பேர் நாட்டுக்கே சொன்னார்கள்.

"அது வசதியுள்ளவர் வீட்டு ரசனை, சாமானியனுக்கு என்ன கிடைத்தது?" என்று எதிரணி நண்பர் முணுமுணுப்பது கேட்கிறது. வாருங்கள், பாளையங்கோட்டைக்குப் போவோம். நா.வானமாமலை. 1917-இல் பிறந்து 1980-இல் மறைந்த பேரறிஞர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் துறைத்தலைவராக இருந்து இதைச் செய்யவில்லை. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே 'நெல்லை ஆய்வுக் குழு'வை உருவாக்கினார். கட்டுரை எழுதி வந்தவர் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். கேட்டதும் கேள்வி கேட்க வேண்டும். தேறிய கட்டுரைக்கு இடம் கொடுக்க 1969-இல் 'ஆராய்ச்சி' என்று ஓர் இதழையும் தொடங்கினார்.

கதைப்பாடல், வில்லுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி... இவையெல்லாம் வயற்காட்டுப் பாட்டு என்று படித்தவர்கள் ஒதுக்கியிருந்த காலத்தில், இதுவும் வரலாறுதான் என்று அங்கே உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் குழுவில் வளர்ந்தவர்தான் பேராசிரியர் ஆ.சிவசுப்பிரமணியன். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற உப்பை வைத்து 'உப்பிட்டவரை' என்று ஒரு நூலே எழுதினாரே! கைதட்டி அனுப்புகிற கூட்டத்திலிருந்து ஆராய்ச்சியாளன் வரமாட்டான் ஐயா. "நீ சொன்னதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கிற கூட்டத்திலிருந்துதான் வருவான். (கைதட்டல்)

இங்கிலாந்துக்குப் போனார் எதிரணி இளைஞர். "1812-இல் ஹம்ப்ரி டேவியின் பொதுச் சொற்பொழிவைக் கேட்ட புத்தகம் கட்டும் பையன் மைக்கேல் ஃபாரடே. பேச்சு விஞ்ஞானியை உண்டாக்கியது!" என்றார். தம்பி, அரைக் கதைதான் சொன்னீர்கள். மீதியை நான் சொல்கிறேன். டேவியைக் கேட்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1810-லிருந்தே, லண்டனில் டேட்டம் என்பவர் வீட்டுக்கு ஃபாரடே போய்வந்தார். ராத்திரி கூட்டம். ஒரு தடவைக்கு ஒரு ஷில்லிங். கொல்லுவேலை பார்த்த அண்ணன் காசு கொடுத்தார். அங்கே வந்தவர்களெல்லாம் வேலை பார்த்துப் பிழைத்த இளைஞர்கள். ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டார்கள், விவாதித்தார்கள். அங்கே பழகின காதுதான் டேவி பேசினதைப் பிடித்து, குறிப்பெடுத்து, புத்தகமாகக் கட்டி அவருக்கே அனுப்பியது! மடை வெட்டி வைத்திருந்த வயலில்தான் தம்பி, வந்த தண்ணீர் நின்றது. (பலத்த கைதட்டல்)

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சிவகளை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். அங்கே தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி ஒன்றில் நெல் கிடைத்தது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். கி.மு.1155. 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அடுத்த வருஷம் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பொருநை நாகரிகம் என்று ஒரு மணி நேரம் முழங்கினேன். நல்ல கைதட்டல். கூட்டம் கலைந்து, செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். ஓர் ஆச்சி வந்தார்கள். நாற்று நட்டுக் காய்ப்பேறிய கை.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டா? தாழிக்குள்ள நெல்லு இருந்துச்சின்னியளே, அது அவிச்ச நெல்லா, விதை நெல்லா?"

"ஏன் ஆச்சி கேக்கிய?"

"அவிச்ச நெல்லுன்னா, போறவியளுக்குக் கட்டுச்சோறு. விதை நெல்லுன்னா, அவிய மறுபடி முளைச்சு வரணும்னுல்லா அர்த்தம்!"

(அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

நடுவர் அவர்களே, அந்த ஒரு கேள்வியைப் பாருங்கள். தாழியைத் தோண்டியவர் தொல்லியலார். வயதைச் சொன்னது கார்பனை அளக்கும் இயற்பியல். அவித்ததா அவிக்காததா என்று ஆராய வேண்டியவர் தாவரவியலார். இறந்தவரைப் பற்றி அந்தக் காலத்து மனுஷன் என்ன நினைத்தான் என்று பொருள் சொல்ல வேண்டியவர் தமிழாசிரியர். நாலு துறையையும் ஒரே முடிச்சில் கட்டினது யார்? பள்ளிக்கூட வாசலைப் பார்க்காத ஓர் ஆச்சி! அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் கூட்டத்தில் இடம் இருந்ததா? தலைமையுரைக்கு இடம் இருந்தது. பொன்னாடைக்கு இடம் இருந்தது. நன்றியுரைக்கு இருபது நிமிஷம் இருந்தது. ஆச்சிக்கு மட்டும் செருப்பு விடுகிற இடம்தான்! ஒரு மணி நேரம் நான் பேசினதைவிட அந்த ஒரு நிமிஷம் பெரிசு ஐயா. அன்றைக்கு அந்த ஆச்சி கூச்சப்பட்டு வீட்டுக்குப் போயிருந்தால், கேள்வியும் அவர்களோடு போயிருக்கும். இப்படி எத்தனை கேள்விகள் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போகின்றன!

இந்த மண்ணில் அறிவியலும் தமிழும் எப்போதும் தனித்தனியாக இருந்ததில்லை. மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை இங்கே இந்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். நாடகம் 1891-இல் வந்தது. அதற்கு முன்னாலேயே, 1888-இல், 'நூற்றொகை விளக்கம்' எழுதினார். உலகத்து அறிவுத் துறைகளையெல்லாம் வகைப்படுத்தித் தமிழில் சொன்ன நூல். அவர் பெயரில்தான் 1990-இல் இங்கே பல்கலைக்கழகம் வந்தது. கொக்கிரகுளத்தில் 1987-இல் வந்த அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். அங்கே பிள்ளை சும்மா பார்க்காது; கருவியைத் தொடும், திருப்பும், "ஏன்ப்பா இப்படி?" என்று கேட்கும். அந்த 'ஏன்ப்பா'தான் நான் கேட்கிற கருத்தரங்கம்.

கடைசியாக எதிரணி வைத்த குத்து. "இன்றைய கருத்தரங்குகளைப் பார்த்தீர்களா? கோப்பு ஒன்று, பேனா ஒன்று, மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் சான்றிதழ். ஒருவர் வாசிக்கிறார், முன்வரிசை தூங்குகிறது." உண்மைதான் ஐயா! மறுக்கவே மாட்டேன். ஆனால் அங்கே என்ன நடக்கிறது? "நேரமில்லை, கேள்விகளைத் தேநீர் இடைவேளையில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கேள்வி நேரத்தை வெட்டிய நிமிஷமே அது கருத்தரங்கம் இல்லை, குட்டி மேடையாகிவிட்டது! ஆக, நீங்கள் திட்டியது கருத்தரங்கத்தை அல்ல. அதற்குள் புகுந்த உங்கள் மேடையைத்தான்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

அதனால் நடுவர் அவர்களே, தீர்ப்பு எப்படி வந்தாலும் ஒரு வேண்டுகோள். பார்த்துக்கொண்டிருக்கும் பெருமக்களே, உங்கள் ஊர்க் கோயில் கொடையில், நூலகத்தில், பள்ளி ஆண்டு விழாவில் ஒருவரைப் பேச அழைத்தால், அவருக்கு முக்கால் மணி கொடுங்கள். மீதி முக்கால் மணியைக் கேட்டவர்களுக்குக் கொடுங்கள். மாலைக்குச் செலவழிக்கிற காசில் இன்னொரு ஒலிவாங்கி வாங்கி, அதைக் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள். வீட்டிலும் அப்படித்தான். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், "சும்மா இருலே" என்று அதட்டாதீர்கள். நம் முன்னோர் கல்லை அடுக்கி ஆற்றை மறித்தது தண்ணீரைச் சிறை வைக்க அல்ல. கடைமடை வரைக்கும் கொண்டு போகத்தான். கடைமடைக்குத் தண்ணீர் போனால்தான் ஊருக்குச் சோறு. கடைசி வரிசைக்குக் கேள்வி போனால்தான் ஊருக்கு அறிவு.

ஆகவே, அறிவை மக்களிடம் கொண்டு சேர்ப்பது கூடிப் பேசும் கருத்தரங்கமே, கருத்தரங்கமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.