கழிப்பிடத் தூய்மை

(உத்தரமேரூரில் கூடிய நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்திலே நிகழ்த்திய சொற்பொழிவு)



கழிப்பிடத்தைப் பற்றி ஒரு தமிழாசிரியன் அவையேறிப் பேசுதல் சிலர்க்கு நகையை விளைக்கலாம். இடக்கரடக்கல் என்னும் மரபினை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் யாமே இன்று அவ்வரம்பினைச் சிறிது கடக்க வேண்டியவராயினோம். சொல்லை மறைத்தல் நாகரிகமே. இடத்தையும் மறந்துவிட்டோமே, அதுதான் குறை.

நம் சங்க மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். முகூர்த்த நாளில் ஐந்நூறு பேர் கூடுகின்றனர். பந்தலுக்கும் மேளத்துக்கும் விளக்குக்கும் பொருளை வரையாது வழங்குகின்றோம். பந்திதோறும் இலையெடுக்க ஆள் வைக்கின்றோம். கழிப்பிடத்துக்கோ ஒரு வாளியும் ஒரு துடைப்பமுமே! நண்பகலுக்குள் அங்கே கால்வைக்க இயலாது. ஆடவர் வேலியோரம் போய்விடுகின்றனர். பெண்டிர் யாது செய்வர்? காலை முதல் நீர் அருந்தாமலே இருந்துவிடுகின்றனர். நீர் குறைத்துச் சிறுநீரையும் நெடுநேரம் அடக்குவார்க்குச் சிறுநீர்த்தாரையில் கிருமி பெருகி எரிவும் சுரமும் உண்டாகும் என்பது மருத்துவர் கூற்று. பள்ளிச் சிறுமியர் பலர் நாள்தோறும் இவ்வாறே துன்புறுகின்றனர் என்பதை யாம் எம் தொழிலில் நன்கு அறிவோம்.

நம்மூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியன, உள்ளன. குடவோலைமுறை என்றவுடன் நாம் மார்தட்டுகின்றோம். அச்சபை வேதம் வல்ல பிராமணர் சபை. ஊரார் யாவர்க்கும் அதில் இடமிருந்ததில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. ஆயினும் அதனிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் எனப் பொதுப்பொருள் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரை வகுத்தனர். அவர்க்கு ஓராண்டே தவணை. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் உறவினரும் மறுபடி குடவோலைக்கு உரியராகார். கணக்கில் அத்துணைக் கண்டிப்பு! நம் கழிப்பிடத்துக்கு இன்று பொறுப்பாளர் யார் என வினவின், அவையில் ஒருவரும் கை உயர்த்தார்.

இது பழங்கதை எனத் தள்ளுவாரும் இருக்கலாம். அண்மைக் காலத்திலே, ஏறத்தாழ 2000ஆம் ஆண்டு முதல், திருச்சிராப்பள்ளியின் குடிசைப் பகுதிகளிற் பாழ்பட்டுக் கிடந்த பொதுக் கழிப்பிடங்களை அப்பகுதிப் பெண்களின் குழுக்களே ஏற்று நடத்தலாயின. வருவோரிடம் சிறு கட்டணம் வாங்கி, அன்றாடம் கணக்கெழுதி, தூய்மை செய்வார்க்கு ஊதியமும் மின்சாரச் செலவும் கொடுத்தனர். மிச்சப் பணத்தைப் பொதுப்பணிகளுக்கும் செலவிட்டனர். ஏழைப் பெண்களால் இயன்றது, மாடி வீடு கட்டிய நமக்கு இயலாதோ?

தூய்மை செய்யும் முறையைச் சிறிது கூறுவோம். நீர் ஊற்றிவிட்டால் தூய்மை ஆயிற்று என்பது பிழை. முதலில் சோப்புநீரிட்டுத் தேய்த்து அழுக்கை அகற்றல் வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து கிருமியைத் தொடாது. பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடமேனும் விட்டுவைத்துக் கழுவுதல் முறை. கதவின் தாழ்ப்பாள், குழாயின் திருகு, வாளியின் பிடி ஆகியன எல்லார் கையும் படுவன. அவற்றைத்தான் நாம் துடைப்பதேயில்லை. ஈண்டு ஓர் எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை ஒருபோதும் கலவாதீர். அதனின்று குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். 1915இல் ஐரோப்பியப் போர்க்களத்திலே வீரரைக் கொன்ற காற்று அதுவே. இன்னும் ஒன்று: கைகழுவுமிடத்தில் சோப்பு இல்லாத கழிப்பிடம் பாதிக் கழிப்பிடமே.

இனி, கசப்பான பகுதிக்கு வருகின்றோம். இப்பணி என்றவுடன், "அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்" என்று நம்மவர் கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். எந்த ஆட்கள்? ஒரு சாதியார் தலையில் நாம் ஏற்றிய சுமையை அவர்தம் இயல்பென்று பேசுகின்றோம். சாதிச் சங்கத்தில் நின்று இதனைக் கூறுதல் பொருந்துமோ எனின், ஈண்டன்றி வேறெங்கே கூறுவது? மலக்குழியுள் மனிதரை இறக்கல் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது. அவ்வாறு இறந்தார் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் அளிக்க வேண்டுமென்று 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. குழியில் தேங்கும் நச்சுக்காற்று, இறங்கியவரை ஓரிரு மூச்சிலேயே வீழ்த்த வல்லது. நம் மண்டபத்துக் குழி நிரம்புங்கால் உறிஞ்சும் பொறியேற்றிய வண்டியையே அழைத்தல் வேண்டும். செலவு மிகும் என்பார் சொல்லைச் செவியிற் கொள்ளலாகாது.

ஆகவே யாம் கேட்பது இது: மண்டப வாடகையில் ஒரு பகுதியைக் கழிப்பிடத்துக்கென்றே ஒதுக்குக. நேரிய மாத ஊதியமும் கையுறையும் காலணியும் தந்து, எச்சாதியாராயினும் விரும்பி வருவாரை அமர்த்துக. சங்க உறுப்பினர் நால்வரைக் கொண்ட வாரியம் ஒன்று, தாய்மார் இருவர் அதில் இடம்பெற, ஓராண்டுக்கு அமைந்து முகூர்த்த நாளில் மும்முறை நேரிற் பார்த்துவருக. ஆள் வாராத நாளில் துடைப்பம் அவ்வுறுப்பினர் கையில் இருத்தல் வேண்டும். முதல் வாரியத்துக்கு எம் பெயரை இப்பொழுதே எழுதிக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாக முன்மொழிகின்றோம். மறுப்புரைப்பார் அன்று தவறாது வருக.